என்ன நிறம் என்று கேட்ட தயானந்தன்

தலைமையேற்று அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் ராஜசேகரன் அவர்களே! கணவர் தயானந்தனின் முப்பத்தோராம் நாள் காரியம் போன வாரம்தான் முடிந்த நிலையில், சொந்தத் துக்கத்தை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு நமக்காக வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மா செல்லப்பாக்கியம் அவர்களே! ஸ்கூடாய் சிறுநீரக நோயாளர் துணைச் சங்கத்தின் உறுப்பினர்களே! காலை டயாலிசிஸ் முடித்து, கையில் ஒட்டிய பிளாஸ்திரியோடு நேராக இங்கே வந்திருக்கும் என் உடன்பிறப்புகளே! கதவோரம் நின்றுகொண்டு, "மாமா மைக்கைப் புடிச்சிட்டாரு லா, இனி ராத்திரி சாப்பாடு இங்கதான்" என்று முணுமுணுக்கும் அன்பர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

தலைவர் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். ஐந்து நிமிடத்தில் நான் தும்மிக்கூட முடித்ததில்லை என்பது இந்த மண்டபத்துக்கே தெரியும். ஆனாலும் ஐயா, இன்று நான் நீட்டி முழக்க வரவில்லை. நீட்டி முழக்கிய ஒரு குற்றத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தயானந்தன் இறந்துவிட்டாராம்! எப்படி நம்புவது? அறுபத்தொன்பது வயது. இனிப்பு இல்லை, கொழுப்பு இல்லை, கெட்ட பழக்கம் ஒன்றுகூட இல்லை. இந்த ஸ்கூடாய் நெரிசலில் எமனே புறப்பட்டு வந்தாலும் மேம்பாலத்துக்கு அடியில் மூன்று மணி நேரம் மாட்டிக்கொள்வான், அதற்குள் நம் தயா அண்ணன் நாலு வேலையை முடித்துவிடுவார் என்றுதானே நினைத்திருந்தோம்? அந்தப் பாவி மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறான் ஐயா! செவ்வாய்க்கிழமை காலை, பசியாற உட்கார்ந்தவர், நெஞ்சில் கைவைத்தார். தட்டில் இருந்த தோசையைப் பிய்க்கவில்லை. அவ்வளவுதான்.

யார் இந்தத் தயானந்தன்? அரசாங்க மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் நுண்ணோக்கிக்கு முன்னால் குனிந்தே இருந்தவர். நாம் பார்க்கவே கூசுகிற ஒன்றை, முகத்துக்கு நேராகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர். உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் வானத்தைப் பார்த்து எதிர்காலம் சொல்லிக்கொண்டிருந்தபோது, சிறுநீரைப் பார்த்து நிகழ்காலம் சொன்ன ஒரே மனிதர்! அவருக்கு நான் 'சிறுநீர்ச் செம்மல்' என்று ஒரு பட்டம் உருவாக்கி, பொன்னாடையும் வாங்கி, ஆண்டுக் கூட்டத்தில் போர்த்த வந்தேன். என்ன செய்தார் தெரியுமா? பொன்னாடையை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, "மகேஸ்வரன், பட்டத்தை விடுங்கோ. நேற்று ஒரு ஐம்பது பேருக்குச் சோதனை செய்தம் எண்டு மேடையில சொன்னீங்கள். பதினேழு பேர்தான் வந்தவை" என்றார்.

அதுதான் தயானந்தன்! நான் ஐம்பது என்றால் அவர் பதினேழு. நான் கடல் என்றால் அவர் எத்தனை மில்லி லிட்டர் என்று கேட்பார். பார்த்ததை மட்டும் எழுதுகிறவர். நினைத்ததை எழுதமாட்டார். அவருடைய கையெழுத்தில் ஓர் அறிக்கை வந்தால் அதில் 'போலிருக்கிறது' என்ற சொல்லே இருக்காது.

பணி ஓய்வு பெற்றபின் என்ன செய்தார்? பேரப்பிள்ளைகளோடு சிங்கப்பூருக்குச் சுற்றிப்பார்க்கப் போனாரா? இல்லை. இதோ இந்த மாடியில், அந்த ஜன்னலோரத்தில், பழைய நுண்ணோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு, சனிக்கிழமைதோறும் உட்கார்ந்தார். ஜாம் போத்தலிலும் கோழி எசென்ஸ் போத்தலிலும் ஜனங்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். முகம் சுளித்தாரா? ஒருநாளும் இல்லை! வருகிறவர்களிடம் ஒரே கேள்விதான். "என்ன நிறம்?"

நம்முடைய ஆட்கள் எப்படி? நிறத்தைச் சொல்ல மாட்டோம். "ஒரே சூடுங்க" என்போம். எரிச்சலா, சூடு. வலியா, சூடு. இரத்தமா, அதுவும் சூடு! இந்த ஒரு சொல்லில் உடம்பின் கீழ்ப்பாதியையே மூடி வைத்திருக்கிறோம். அவர் என்ன செய்தார்? சுவரைப் பாருங்கள், அவர் எழுதி ஒட்டியது இன்னும் இருக்கிறது. 'சூடு என்று சொல்லாதீர்கள். நிறம் சொல்லுங்கள்.' கீழே நாலு வரி: சீனத் தேநீர், பால் ஊற்றாத தே-ஓ, பால் ஊற்றாத கறுப்புக் கோப்பி-ஓ, சிவப்பு ரோஸ் சிராப். ஐந்தாவதாக, 'இழுத்து ஆற்றிய தே தாரிக் மாதிரி நுரை வந்தாலும் சொல்லுங்கள்.' அதைப் படித்தபிறகு பல பேர் கடையில் தே தாரிக் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்று தங்கராஜு புலம்புவார். அவர் கீழே கடை வைத்திருக்கிறார், அவர் கஷ்டம் அவருக்கு.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்தச் சுவரொட்டி எதனால் வந்தது என்று உங்களில் யாருக்கும் தெரியாது. அது என்னால் வந்தது.

நாலு வருடத்துக்கு முந்தைய கதை. என் தங்கை புஷ்பவள்ளியை உங்களுக்குத் தெரியும். இதோ, மூன்றாவது வரிசையில், நீலச் சேலையில் உட்கார்ந்திருக்கிறாள். யோங் பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருவரும் பிறந்தோம். அவள் கணவர் தவறிப்போனபிறகு என்னோடுதான் இருக்கிறாள். அப்போது அவள் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சமையல். விடியுமுன் தொழிற்சாலை பஸ் ஏறுவாள். அவளுக்கு இருமல் வந்தது. அந்தத் தொழிற்சாலைப் புகையில் யாருக்குத்தான் இருமல் இல்லை? நாங்கள் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஒருநாள், "அண்ணே, உடம்பெல்லாம் ஒரே சூடா இருக்கு" என்றாள். நான் சும்மா இருப்பேனா? இளநீர், பார்லி, வெந்தயம், நல்லெண்ணெய்! ஜொகூர் மாநிலத்தின் இளநீர் விலையே என்னால் ஏறியது. சூடு மட்டும் இறங்கவில்லை.

கிளினிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் ஒரு மலாய்ப் பெண், சின்ன வயது, நல்ல பிள்ளை. அந்தப் பிள்ளைமேல் எந்தத் தவறும் இல்லை, இதை அழுத்திச் சொல்கிறேன். தங்கை என் பக்கம் சாய்ந்து, சின்னக் குரலில், "அண்ணே, தண்ணி போறப்ப ரொம்ப சூடா போவுது. நிறமும் ஒரு மாதிரி இருக்கு. சொல்லு" என்றாள்.

ஒரு ஆண்பிள்ளை, தன் தங்கையின் அந்த விஷயத்தை, மகள் வயதில் இருக்கிற ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது? எனக்கு வெட்கம். வெட்கம் வந்தால் எனக்கு வாய் நீளும். கையை விரித்து ஆரம்பித்தேன்: "டாக்டர், பாடான் டியா பானாஸ்! குனோங் பெராப்பி மாச்சாம்!" அவள் உடம்பு எரிமலை மாதிரி சூடு என்று மொழிபெயர்த்தேன். தமிழில் அவள் சொன்ன சூடு ஒன்று. மலாயில் உடம்பு சூடு என்றால் காய்ச்சல். காய்ச்சலா என்று டாக்டர் கேட்டார், "டெமாம்?" நான் சொன்னேன், "யா லா டாக்டர், டெமாம், டெமாம்!" எரிமலை என்றதும் அந்தப் பிள்ளை சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் இரண்டு எரிமலை சேர்த்தேன். நிறம் என்ற சொல்லை விட்டேன்.

மறக்கவில்லை ஐயா. விட்டேன்.

வெப்பமானியில் கொஞ்சம் காட்டவும் செய்தது. காய்ச்சல், இருமல் என்று அட்டையில் எழுதினார். மருந்து கொடுத்தார். அடுத்த வாரமும் போனோம். அதற்கடுத்த வாரம் நெஞ்சுப் படம் எடுத்து, காசநோயாக இருக்கலாம் என்று சளியைச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் அந்த அட்டையைத்தான் பார்த்தார்கள். அந்த அட்டை என் வாயிலிருந்து வந்தது. மூன்று வாரம் போய்விட்டது.

அப்போதுதான் ஒரு ஞாயிறு மதியம், சங்கக் கூட்ட அறிவிப்பைக் கொடுக்கத் தயா அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். புஷ்பவள்ளி அவருக்குக் கோப்பி-ஓ கலந்துகொண்டு வந்து வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பி இருமினாள். கைக்குட்டையை மடித்தாள். அந்த மடிப்பை அவர் பார்த்துவிட்டார்.

"பிள்ளை, அது இரத்தமெல்லோ?"

"சூடுண்ணே. மூணு வாரமா இருக்கு."

"எங்க சூடு?"

அவள் கைக்குட்டையைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"என்ன நிறம்?"

அவள் என்னைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு, வாய் திறக்காமல், அவர் முன்னால் இருந்த கோப்பி-ஓ கிளாஸைப் பார்த்தாள்.

அவர் கிளாஸைத் தள்ளி வைத்தார். "ஒரு போத்தல் தாங்கோ" என்றார். இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. அங்கே கையால் சுற்றுகிற பழைய யந்திரம் ஒன்றில் அதைச் சுழற்றி, அடியில் தங்கியதை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார். அம்மா செல்லப்பாக்கியம் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும், அன்று மதியச் சாப்பாடு மேசையில் ஆறிக்கிடந்தது. ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து வாசலில் நின்றபடியே, "வெளிக்கிடுங்கோ. பெரியாஸ்பத்திரிக்கு" என்றார்.

"நாளைக்குப் போலாம்ணே, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, கூட்டமா இருக்கும்" என்றேன்.

"மகேஸ்வரன், செருப்பைப் போடுங்கோ."

அவர் என்ன பார்த்தார்? இரத்தத்தின் சிவப்பு அணுக்கள் சின்னச்சின்ன உருளைகளாக ஒட்டிப்போய் வந்திருக்கின்றன. சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள்ளேயே இரத்தம் கசிந்தால்தான் அந்த வடிவம் வருமாம். மேலே நுரையீரலில் இரத்தம், கீழே சிறுநீரகத்தில் இரத்தம். இரண்டும் ஒரே ஆளுக்கு, ஒரே சமயத்தில்! அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர், இது காசநோய்ச் சந்தேகம்தானே அங்கிள் என்றார். தயா அண்ணன் குரலை உயர்த்தவில்லை. அரைத்தாளில் இரண்டே வரி எழுதி நீட்டினார். ஒன்று, இருமலில் இரத்தம். இரண்டு, சிறுநீரில் சிவப்பணு உருளைகள். "இது ரெண்டையும் ஒரே தாளில எழுதுங்கோ. பிறகு கிரியேட்டினின் ஒருக்காப் பாருங்கோ. பார்த்துப்போட்டு என்னை வீட்டுக்குப் போகச் சொல்லுங்கோ, போறன்" என்று மலாயில் சொன்னார். மலாயிலும் அவருடைய யாழ்ப்பாணம் கேட்கும், உங்களுக்குத் தெரியும்.

நூறுக்குள் இருக்கவேண்டிய கிரியேட்டினின் தொள்ளாயிரத்தைத் தாண்டியிருந்தது. அதன்பிறகு அந்த இளம் டாக்டர் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! அவருக்கும் நான் நன்றிக்கடன்பட்டவன். இரத்தச் சோதனை, சிறுநீரகத்தில் ஊசி போட்டு எடுத்த சோதனை எல்லாம் வந்து நோய்க்குப் பெயர் சொன்னார்கள். 'குட்பாஸ்ச்சர்' நோயாம்; என் காதில் 'குட் பாஸ்டர்' என்று விழுந்தது. பெயரைக் கேட்டால் ஏதோ கருணையுள்ள பாதிரியார் மாதிரி இருக்கிறது. உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே, நுரையீரலையும் சிறுநீரகத்தையும் எதிரி என்று நினைத்து அடிக்கிற நோய். வருடத்தில் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருமாம். வாழ்நாளில் கோழிக்குஞ்சுப் பரிசுகூட விழாத குடும்பம் ஐயா எங்கள் குடும்பம்! இதற்கு மட்டும் எங்கள் நம்பரா விழவேண்டும்?

அந்த எதிர்ப்புச் சக்தி கலந்த நீரை இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, வேறு நீர் ஏற்றினார்கள். இரண்டு வாரம். நுரையீரல் தப்பியது. உயிர் தப்பியது. சிறுநீரகங்கள் இரண்டும் திரும்பி வரவில்லை.

நிபுணர் அம்மா கட்டில் பக்கத்தில் நின்று, "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா கிட்னிக்கு ஒரு சான்ஸ் இருந்திருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. கிளினிக் அட்டையில யூரின் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லியே, யாரும் சொல்லலியா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன், மூக்கில் குழாயோடு படுத்திருந்த என் தங்கை சொன்னாள்: "என் தப்புதான் டாக்டர். வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லாம விட்டுட்டேன்."

நான் சும்மா நின்றேன். மேடை கிடைத்தால் விடாத இந்த மகேஸ்வரன், அன்று ஒரு சொல்கூடப் பேசவில்லை.

ஆஸ்பத்திரிக் கேன்டீனில் தயா அண்ணனிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். எரிமலை, டெமாம், அவள் சொன்ன நிறம், எல்லாம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "இதை எனக்கு ஏன் சொல்றீங்கள்? அவவுக்குச் சொல்லுங்கோ" என்றார். அடுத்த சனிக்கிழமையே சுவரில் அந்தத் தாள் ஏறியது. நோயாளியோடு யார் வந்தாலும், "நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோ" என்று சொந்தக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு, நோயாளியிடம் நேராகக் கேட்கத் தொடங்கினார். ஏன் இப்படி விரட்டுகிறார் என்று உங்களில் பலர் கோபித்துக்கொண்டீர்கள். அவர் யாரை விரட்டினார் என்று இப்போது தெரிகிறதா?

அதன்பின் நாலு வருடம். ஒவ்வொரு சனிக்கிழமையும், கதவைப் பூட்டிவிட்டுப் படியில் இறங்கும்போது, என்னிடம் மட்டும் ஒரு கேள்வி. "சொல்லிப்போட்டீங்களோ?"

"அடுத்த வாரம்ணே."

ஒருநாளும் அதற்குமேல் ஒரு வார்த்தை அவர் பேசியதில்லை. அவரே போய் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தான் பார்க்காததை அவர் எழுதமாட்டார், அடுத்தவன் சொல்லவேண்டியதையும் அவர் சொல்லமாட்டார். கடைசிச் சனிக்கிழமையும் கேட்டார். நானும் அடுத்த வாரம் என்றேன். செவ்வாய்க்கிழமை அவர் இல்லை.

அன்பர்களே, நீங்கள் நினைக்கலாம், பேசாமல் இருந்ததுதானே, அது அவ்வளவு பெரிய குற்றமா என்று. அது மட்டும் இல்லை. ஒன்றரை வருடத்துக்கு முன், டயாலிசிஸ் முடிந்து காரில் வரும்போது அவள் கேட்டாள்: "அண்ணே, அன்னைக்கு கிளினிக்ல நான் நிறத்தச் சொன்னேனா, இல்லியா? எனக்கு ஞாபகமே வர மாட்டேங்குது. சொன்ன மாதிரியும் இருக்கு, சொல்லாத மாதிரியும் இருக்கு."

சாலையைப் பார்த்தபடி நான் சொன்னேன்: "நீ சொல்லல புள்ள."

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், அந்த ஊசிகளோடு படுத்துக்கொண்டு, தன் வெட்கம்தான் தன் சிறுநீரகத்தைத் தின்றது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படி நினைக்க வைத்தவன் நான்.

புஷ்பா, இங்கே பார். நீ சொன்னாய். தெளிவாகச் சொன்னாய். என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னாய். நான் இதில் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தயா அண்ணன் கேட்டால் எப்படிச் சொல்வேனோ அப்படிச் சொல்கிறேன். நான்தான் அதை டாக்டரிடம் சொல்லவில்லை. பிறகு உன்னிடமும் பொய் சொன்னேன்.

தலைவர் அவர்களே, மணியை அடிக்கவேண்டாம். முடித்துவிடுகிறேன்.

தயானந்தன் விட்டுப்போன பணியைத் தொடருவோம் என்று எனக்குமுன் பேசிய எல்லோரும் உறுதி சொன்னார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் நாற்காலியில் உட்கார எனக்குத் தகுதி இல்லை. அந்த நாற்காலியில் அடுத்த சனிக்கிழமை முதல் தேன்மொழி உட்காருவார். முப்பது வருடத் தாதி, பெண்கள் அவரிடம் கூசாமல் பேசலாம். நான் வாசலில் நிற்கிறேன். துணைக்கு வருகிற அண்ணன், தம்பி, கணவன், மாமன் எல்லோரையும் வெளியே நிறுத்தி வைப்பது இனி என் வேலை. நோயாளியைப் பேசவிடுங்கள் ஐயா, நீங்கள் வாயை மூடிக்கொண்டு என்னோடு இங்கே நில்லுங்கள் என்பேன். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று உள்ளே கூப்பிட்டால் மட்டும் போவேன். அவர்கள் பத்து சொல் சொன்னால் பத்து சொல்லையும் அப்படியே எடுத்துச் சொல்வேன். எரிமலை கிடையாது. என்னை நம்பவேண்டாம். தேன்மொழி எண்ணிப் பார்த்துக்கொள்வார்.

அம்மா செல்லப்பாக்கியம் அவர்களே, உங்கள் கணவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லிவிட்டேன். அவர் போய் முப்பத்தொன்பது நாள் கழித்து. அதை அவரிடம் எப்படிச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

புஷ்பா, நீ அழுகிறாய். என்னைப் பார்க்காமல் அழுகிறாய். சரி. ராஜசேகரன் வீட்டு அம்மா உன்னை அவர்கள் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருக்கிறார், போக விரும்பினால் போ. வீட்டுச் சாவி உன்னிடம்தான் இருக்கிறது. நான் மெதுவாக வருகிறேன், கதவைத் தட்டுகிறேன். திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு டயாலிசிஸுக்குக் கார் வாசலில் நிற்கும். நீ ஏறினாலும் நிற்கும், ஏறாவிட்டாலும் நிற்கும்.

மைக்கைத் தலைவரிடம் கொடுக்கிறேன்.